மாவட்ட அளவில் எரிந்த மன்மதன்

கலைஞர்களை எல்லாம் ஒரே மேடையில் ஏற்றிவிட்டால் ஜனங்கள் எல்லாரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று அரசாங்கத்தில் யாரோ ஒருவருக்குத் தோன்றியது. தோன்றியவர் பெரிய இடத்தில் இருந்தார். ஆகவே அது தோன்றியதோடு நிற்கவில்லை. ஓர் அலுவலகமாக மாறி, மலையேறி, ஊட்டியில் வந்து மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. வாசலில் 'பல்வகைக் கலைகள் ஒருங்கிணைப்பு அலுவலகம்' என்று பலகை. உள்ளே ஆறுக்குட்டி என்ற அலுவலர். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்பியதில்லை. எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லித்தான் அனுப்புவார்.

அந்த வருடம் கோடையில் விழா. மலையில் உள்ள ஒவ்வொரு வகை ஜனமும் தன் கலையோடு வந்து மேடையேற வேண்டும் என்று உத்தரவு. வகைக்கு ஓரிடம். எல்லா இடமும் நிரம்பிவிட்டது, 'தாயகம் திரும்பியோர்' என்ற ஓர் இடத்தைத் தவிர. ஆறுக்குட்டி ஜீப்பை எடுத்துக்கொண்டு மஞ்சூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்டார்.

அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிலோனிலிருந்து வந்தவர்கள். மூன்று தலைமுறை அங்கே கொழுந்து எடுத்துவிட்டு, இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசிய பேச்சில் கப்பலேறி வந்து இறங்கியவர்கள். ஊர்தான் அவர்களுக்குப் புதுசு. குளிர், கூடை, லயம் என்கிற வரிசை அறைகள் எல்லாம் பழசு.

அந்த லயத்தில் ஓர் அறையில் ராஜரத்தினம் இருந்தான். அவனோடு அவன் அம்மா காத்தாயி, அக்கா, மச்சான், அவர்கள் பிள்ளைகள், ஒரு கோழிக்கூடை. புரண்டு படுக்க வேண்டுமென்றால் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். பெண், நாலு கதவு தள்ளி இருக்கும் சின்னம்மை. ஆனி முடிவதற்குள் தோட்டத்தில் கட்டியிருக்கும் புது வீடுகளைக் கல்யாணமான ஜோடிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள். வைகாசியில் தாலி, ஆனியில் வீடு. ராஜரத்தினம் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

வீடு பிரித்துக் கொடுப்பதும் ஆறுக்குட்டியின் கையில்தான் இருந்தது. ஆள் பற்றாக்குறையால் அதைக் கூடுதல் பொறுப்பாக அவரிடம் கொடுத்திருந்தார்கள். அதற்காக அவர் தம் அறையில் இரண்டு மேசை போட்டிருந்தார். கிழக்கு மேசை கலைக்கு. மேற்கு மேசை வீட்டுக்கு. ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு மேசையின் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது நிர்வாக ஒழுங்கு.

சின்னம்மையின் அப்பா தங்கையாதான் லயத்துக்குக் கூத்து வாத்தியார். மாசி மாதம் காமன் கூத்து வைப்பார். கம்பம் நட்டு, இன்ன ஊர் இன்ன எல்லை என்று கூவி, மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் செய்துவைப்பார்கள். பிறகு சிவனார் வந்து நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பார். ரதி அழுவாள். மூன்றாம் நாள் அதே கம்பத்தடியில் மன்மதனை எழுப்புவார்கள். எரிந்த காமன் எழும்பும்வரை, கூவின எல்லைக்குள் யாருக்கும் தாலி ஏறக் கூடாது. இது சட்டப் புத்தகத்தில் இல்லாததால் எல்லாரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

ஆறுக்குட்டி இதையெல்லாம் கேட்டுவிட்டு, இது எந்த நாட்டுக் கலை என்று விசாரித்தார்.

"எங்க பாட்டன் பூட்டன் திருச்சிப் பக்கமிருந்து சிலோனுக்குக் கொண்டுபோனதுங்க. இப்ப திருப்பிக் கொண்டாந்துட்டோம்" என்றார் தங்கையா.

"அப்படியானால் இது உள்ளூர்க் கலை. உள்ளூர்க் கலைக்கு இடம் முடிந்துவிட்டது. சிலோன் கலை என்றால்தான் இடம் இருக்கிறது."

தங்கையா கொஞ்சம் யோசித்தார். "அங்க இருக்கையில எங்கள இந்தியாக்காரன்னு சொன்னாங்களே ஐயா."

"இங்கே அந்தச் சங்கடம் கிடையாது. இங்கே நீங்கள் சிலோன்காரர்தான்."

தங்கையாவுக்கு மைக் வைத்த மேடையில் ஒரு தரமாவது ஏறிவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆகவே காமன் கூத்து அன்றைக்கு அந்த இடத்திலேயே சிலோன் கலை ஆயிற்று. மாசியில் வைப்பதைச் சித்திரையில் எப்படி வைப்பது என்று தப்பு அடிக்கும் ஆண்டி முனகினான். மந்திரிக்கு மாசியில் தேதி இல்லை என்று சொன்னதும் அடங்கிவிட்டான்.

அடுத்து வேஷம். ரதி வேஷம் கட்டுவது காலங்காலமாக ஆம்பிளை. அந்த வருடம் வேலன் கட்டுவதாக இருந்து, முன்கூட்டியே மீசையையும் எடுத்திருந்தான். பெண்களுக்கு உரிய பிரதிநிதித்துவம் இல்லாத கலை விழாவில் ஏற முடியாது என்றார் ஆறுக்குட்டி. பெண்ணா, கூத்திலா என்று தங்கையா தலையில் கைவைத்துக்கொண்டார். ரதியின் பாட்டு முழுக்கத் தெரிந்த பெண் தோட்டத்திலேயே ஒருத்திதான். அது அவர் மகள். அப்பா ஒத்திகை பார்ப்பதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டே வளர்ந்தவள். இப்படியாக ராஜரத்தினம் மன்மதன், சின்னம்மை ரதி, தங்கையா சிவனார். வேலனுக்கு மீசை இல்லாததுதான் மிச்சம்.

விழாவுக்கு ஒரு நிபுணரும் வந்திருந்தார். பட்டணத்துக்காரர், நவீன நாடகம் தெரிந்தவர். தாடி, தோளில் ஜோல்னாப் பை, எரிதழல் என்று பெயர். ஊட்டிக் குளிருக்கு எரிதழல் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, நடிகர்கள் சட்டை போடக் கூடாது என்றார். உழைப்பாளியின் உடல்தான் உண்மையான மொழி என்றார். ராஜரத்தினத்தின் உடல் அந்த மொழியில் வெடவெடவென்று நடுங்கியது. அவர் அதை மிகவும் ரசித்தார்.

"பாட்டு எதற்கு, மௌனம் போதுமே" என்று அவர் சொன்னபோது மட்டும் சின்னம்மை வாயைத் திறந்தாள்.

"புருசன் எரிஞ்சு கெடக்கையில எந்தப் பொம்பள சார் மௌனமா இருப்பா? ஒங்க ஊட்டுல அப்படியா?"

எரிதழல் அதைக் குறித்துக்கொண்டார்.

கூத்து ராத்திரி முழுக்க நடக்கிற சமாசாரம். மேடையில் கொடுத்ததோ இருபது நிமிஷம். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று ஆறுக்குட்டியும் எரிதழலும் ஆலோசித்தார்கள். கல்யாணம் எல்லாரும் பார்த்ததுதான், வெட்டலாம். எழும்புவது மூன்றாம் நாள், அன்றைக்கு விழா இல்லை, அதுவும் போகட்டும். எரிப்பதுதான் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் காலையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வந்து எழுப்பிவிட்டுப் போய்க்கொள்ளுங்கள் என்று ஆறுக்குட்டி வாய்வார்த்தையாகச் சொன்னார். தங்கையா அந்த வாயை நம்பினார்.

விழா நாளன்று, மேடை என்று கயிறு கட்டிப் பிரித்திருந்த மைதானத்துப் புல்லில் கம்பம் நட்டார்கள். பின்னால் ஒருமைப்பாட்டைக் காட்டும் பொருட்டு வகைக்கு ஓர் ஆள் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு வகைக்கு ஆள் வரவில்லை. பந்தல் போட வந்திருந்த ஷௌகத் அலியைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவர் ஊட்டி பஜாரில் பந்தலும் கல்யாணப் பாத்திரமும் வாடகைக்கு விடுபவர். கையில் சுத்தியலோடு ஒருமைப்பாடாக நின்றார்.

தங்கையா மைக்கைப் பிடித்து எல்லை கூவத் தொடங்கினார். "இந்த ஊட்டி மைதானத்துல, இந்தக் கம்பத்தடி எல்லையில…"

ஆறுக்குட்டி பதறிப்போய் ஓடிவந்து மைக்கைப் பொத்தினார். "மாவட்ட அளவிலான விழா. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. மந்திரி என்ன நினைப்பார்? மாவட்டம் என்றே சொல்லுங்கள்."

தங்கையாவும் அப்படியே கூவினார். நீலகிரி மாவட்டம் முழுக்க எல்லை. பிறகு சிவனார் நெற்றிக்கண்ணைத் திறந்தார், காகித மன்மதன் எரிந்தான், நிஜ மன்மதன் புல்லில் விழுந்தான், அவன்மேல் வெள்ளைத் துணி போட்டார்கள். சின்னம்மை மௌனத்தை மீறி ஒரே ஓர் அடி பாடினாள். கூட்டம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மந்திரி பிரமாதம் என்று சொல்லிவிட்டு மலர்களைப் பார்க்கப் போனார். எரிதழல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் எல்லாரும் மஞ்சூரிலிருந்து வந்து இறங்கினார்கள். மைதானத்து வாசலில் காவலாள் மறித்தான். உள்ளே நாய்க் கண்காட்சி. நாய் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லை, காமனை எழுப்ப வந்திருக்கிறோம் என்றார்கள். நாய் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. வேலி வழியாகப் பார்த்தபோது, ரிப்பன் கட்டிய ஒரு வெள்ளை நாய் கம்பத்தடியை முகர்ந்து பார்த்துவிட்டு, கம்பத்தடியில் நாய்கள் செய்வதைச் செய்தது. தங்கையா கண்ணை மூடிக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "எரிஞ்ச எடத்துலதான் எழும்பணும். எழும்புற வரைக்கும் யாரும் தாலிப் பேச்சு எடுக்காதீங்க."

"ஒங்க மகளுக்குந்தானே அண்ணே கல்யாணம்?" என்றாள் காத்தாயி.

"எம் மகளுக்காகக் காமன மாத்தலாமா தங்கச்சி?"

ராஜரத்தினம் லீவு போட்டுவிட்டு ஊட்டிக்குப் போனான். ஆறுக்குட்டி கிழக்கு மேசையில் இருந்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"எரிப்பதற்கு ஒப்புதல் இருந்தது, எரித்தாயிற்று. எழுப்புவதற்கு ஒப்புதல் இல்லையே."

"எரிச்சா எழுப்பணும் ஐயா. ரெண்டும் ஒரே கூத்து."

"அப்படி ஒரே இடத்தில் முடிகிற காரியம் இல்லை தம்பி. எரிப்பது என்றால் தீயணைப்புத் துறை. செத்தவரை எழுப்புவது சுகாதாரத் துறையில் வரும். அவர்கள் இதுவரை யாரையும் எழுப்பினதாக எனக்குத் தெரியவில்லை. மேலும் விழா முடிந்துவிட்டது. விழா முடிந்த பிறகு நீங்கள் எழும்பினால் எந்தக் கணக்கில் எழும்பினதாக எழுதுவது?"

ராஜரத்தினம், அந்தப் புது வீடாவது எனக்கு உண்டுங்களா என்று கேட்டான். ஆறுக்குட்டி எழுந்தார், சட்டையைச் சரிசெய்துகொண்டார், மேற்கு மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

"வாருங்கள். என்ன விஷயமாக வந்தீர்கள்? கல்யாணம் ஆகிவிட்டதா?"

"காமன எழுப்பாம எப்படிங்க ஆகும்?"

"எந்தக் காமன்?"

"இப்பத்தானே ஐயா அந்த மேசையில…"

"அந்த மேசையில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆறுக்குட்டி, மனதார.

நாளைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் மலையில் தேயிலை நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே சின்னம்மை முழுக் கதையையும் கேட்டாள். கை நிற்கவில்லை.

"அப்ப நீங்க இன்னும் செத்துத்தான் கெடக்குறீங்க."

"ஆமா."

"செத்த ஆளோட எனக்கு என்னா பேச்சு? நிரையில நிண்டு பொம்பளையோட வாயடிக்காம அங்கிட்டுப் போங்க." கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "இந்தாங்க. அப்பா எல்லை கூவுனது மாவட்டம் முழுக்கத்தானே?"

"அந்த ஐயாதானே சொல்லச் சொன்னாரு."

சின்னம்மை கொழுந்தைக் கூடையில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காத்தாயியைக் கூட்டிக்கொண்டு ஊட்டி பஜாருக்குப் போனாள். ஷௌகத் அலி கடைவாசலில் பந்தல் மூங்கில்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பாய், வைகாசிக்குப் பந்தல் எல்லாம் வாடகைக்குப் போச்சுதா?"

"எங்கம்மா. மூணு கல்யாணம் தள்ளிப்போச்சு. மழைன்னு சொல்றாங்க."

"மழையா?" என்று கேட்டுவிட்டுச் சின்னம்மை சும்மா இருந்தாள்.

அந்தச் சும்மாவைத்தான் ஷௌகத் அலியால் தாங்க முடியவில்லை. தோண்டித் தோண்டிக் கேட்டார். வேண்டா வெறுப்பாகச் சொல்வதுபோல் அவள் சொன்னாள். காமன் எரிஞ்சு கெடக்கான், எழுப்ப விடமாட்டேங்குறாங்க, எல்லை மாவட்டம் முழுக்க, அதுவரைக்கும் தாலி ஏறாது.

ஷௌகத் அலி மூங்கில்களை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, "இது நிக்காவுக்கும் சேருமா?" என்றார்.

"நீங்களும் மேடையில நின்னீங்கள்ல? எல்லா வகை மக்களும் ஒண்ணு, யாருக்கும் வித்தியாசம் கெடையாதுன்னு அந்த ஐயா மைக்கில சொன்னாரே."

"சொன்னாரு."

"அப்ப சேரும் பாய்."

அரசாங்கம் ஒரு விழா எடுத்துச் செய்ய முடியாத ஒருமைப்பாட்டை அந்தச் சேதி ஒரு வாரத்தில் செய்து முடித்தது. குன்னூரில் ஒரு வீட்டில் பெண்ணின் உயரம் போதவில்லை என்று போன சம்பந்தம், காமனால் போனதாக ஆயிற்று. கோத்தகிரியில் மாப்பிள்ளை குடிப்பது தெரிந்து நின்றது, அதுவும் காமன். பிக்கட்டியில் ஒரு பையன் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சரியான காரணம் கிடைத்துவிட்டது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் விலகி நிற்கவில்லை. மண்டபங்கள் காலியாகக் கிடந்தன. சமையல்காரர்கள் சீட்டாடினார்கள்.

வைகாசி போய் ஆனி பிறந்தது. மேற்கு மேசையில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பழைய ஜோடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பூட்டும் திறக்கப்படுவதை ராஜரத்தினம் லயத்து வாசலில் நின்று பார்த்தான். கடைசியில் ஒரே ஒரு வீடுதான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் ஆறுக்குட்டியின் மகளுக்கு வெலிங்டனில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார், எல்லாம் சரி, காமன் எழும்பட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுக்குட்டியின் மனைவி பாலாமணி, ராத்திரிச் சோற்றை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்கதான அவனை எரிச்சது?"

"நான் எரிக்கலை. அலுவலகம் எரிச்சுது."

"அப்ப மகளை அலுவலகத்துக்கே கட்டிக் குடுத்துருங்க."

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே ஆறுக்குட்டி கிழக்கு மேசையில் போய் உட்கார்ந்தார். மாலைக்குள் ஒப்புதல் வந்துவிட்டது. தீயணைப்பும் சுகாதாரமும் என்ன ஆயின என்று தெரியவில்லை. 'மாவட்ட அளவில் நிலுவையிலுள்ள உயிர்த்தெழலைப் போர்க்கால அடிப்படையில் நிறைவேற்றுதல்' என்று தலைப்பு. எரித்தபோது தலைமை தாங்கிய மந்திரியே எழுப்பும்போதும் தலைமை தாங்க வேண்டும் என்பதால், அவருக்குத் தோதான நாளாக ஆனியின் கடைசி முகூர்த்தம் குறிக்கப்பட்டது. அன்றைக்கே மகளுக்கும் மண்டபம் பிடித்தார். மாவட்டத்தில் இருந்த மற்ற தகப்பன்மாரும் அதையே செய்தார்கள். ஷௌகத் அலி, இருந்த பந்தல் பற்றாமல், மேட்டுப்பாளையத்திலிருந்து மூங்கில் ஏற்றி வந்தார்.

ஏற்பாடு எளிமையானது. மைதானத்தில் காமன் எழும்பியதும் வேட்டுப் போடுவார்கள். அந்தச் சத்தத்தை வாங்கி அடுத்த மலையில் ஒரு வேட்டு. அதை வாங்கி அதற்கடுத்த மலையில். இப்படி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் எங்கும் மாப்பிள்ளைமார் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாவட்டத்தில் தாலி ஏற்பாடு இல்லாத ஒரே மாப்பிள்ளை ராஜரத்தினம்தான். அவன் எழும்பி, பஸ் பிடித்து, மஞ்சூர் வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் மட்டுமல்ல, ஆனியே போய்விடும்.

தூறல் போட்டது. அவன் சட்டை இல்லாமல் ஈரப் புல்லில், ஈரத் துணிக்குள் செத்துக் கிடந்தான். மந்திரி பேசினார். வேற்றுமையில் ஒற்றுமை பற்றிப் பேசினார். சிலோன் கலையின் தொன்மை பற்றிப் பேசினார். கலையை எரிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று, அதை எரித்த இடத்திலேயே நின்று பேசினார். ஆறுக்குட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெளிறிப்போனார். மந்திரியை நிறுத்தும் துறை அவரிடம் இல்லை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சின்னம்மை துணிக்குள் குனிந்தாள்.

"இருக்கீங்களா?"

"விறைச்சுப் போச்சு. இப்பவே நெசமா செத்துருவேன் போல."

"இன்னும் கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. எழும்புனதும் ஒரு வேலை இருக்கு."

மந்திரி மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார். அந்த ஒரு நொடிக்குள் சின்னம்மை ரதியின் ஒப்பாரியைத் தூக்கிவிட்டாள். ஆண்டி தப்பில் ஓங்கி ஓர் அடி வைத்தான். மழையில் நனைந்த கூட்டம் எழுந்து கைதட்டியது. தம் பேச்சுக்குத்தான் என்று நினைத்த மந்திரி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். தங்கையா சிவனாராக வந்து தண்ணீர் தெளித்தார். தேவைக்கு மேலேயே தண்ணீர் இருந்தது. மன்மதன் தும்மிக்கொண்டே எழும்பினான்.

சின்னம்மை இடுப்பு மடிப்பிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"கட்டுங்க."

ராஜரத்தினம் தங்கையாவைப் பார்த்தான். தங்கையா வாயைத் திறந்தார். காமன் எழும்பிவிட்டான். அவர் வைத்த விதியில் இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். ராஜரத்தினம் குளிரில் கை உதற உதற மூன்று முடிச்சுப் போட்டான். காத்தாயி கூட்டத்தில் இருந்து குலவையிட்டாள். வேட்டு வெடித்தது. மலைக்கு மலை வெடித்துக்கொண்டே போய், மாவட்டம் முழுக்கத் தாலி ஏறியது. வெலிங்டன் மாப்பிள்ளையும் கட்டினான்.

"அந்தக் கை நடுக்கத்தைப் பார்த்தீர்களா?" என்று எரிதழல் மந்திரியிடம் சொன்னார். "நிஜக் கல்யாணத்தில் இது வராது. நாடகத்தில்தான் வரும்."

மந்திரி அந்த இடத்திலேயே ஜோடிக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, சிறந்த சிலோன் பாணி நாடகத் திருமணம் என்று பாராட்டிதழும் கொடுத்தார்.

புது ஜோடி மறுநாளே மேற்கு மேசைக்குப் போனார்கள். மிச்சமிருந்த ஒரு வீடு இன்னும் பூட்டியே இருந்தது. ஆறுக்குட்டி, மகள் கல்யாணச் சந்தனம் நெற்றியில் காயாமல், சந்தோஷமாக வரவேற்றார்.

"கல்யாணத்துக்குச் சாட்சி யார்?"

"நீங்கதாங்க. அப்புறம் மந்திரி" என்றான் ராஜரத்தினம்.

"மந்திரி பார்த்தது நாடகம். பாராட்டிதழில் அவரே எழுதியிருக்கிறார். மந்திரி நாடகம் என்றதை நான் கல்யாணம் என்றால், மந்திரிக்குக் கண் தெரியாது என்று நான் சொன்னதாக ஆகும்."

சின்னம்மை முன்னால் வந்தாள். "ஒங்க மகளுக்கும் அதே வேட்டுக்குத்தானே ஐயா தாலி கட்டுனாங்க?"

"அது மண்டபத்தில் நடந்தது அம்மா. மண்டபத்தில் நடந்தால் கல்யாணம், மேடையில் நடந்தால் நாடகம்."

"காமன் எரிஞ்சதும் மேடையிலதானே. அத நெசம்னு நம்பி ஒங்க மகளையும் வச்சுக்கிட்டு ஆனிக் கடைசி வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தீங்களே?"

ஆறுக்குட்டி கிழக்கு மேசையை எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், பதில் சொல்லத்தான் நினைத்தார்.

"அது அந்த மேசை" என்றார்.

கோயிலில் வைத்து இன்னொரு தரம் கட்டிவிடலாம் என்று காத்தாயி சொல்லிப் பார்த்தாள். தங்கையா பிடிகொடுக்கவில்லை. மறுபடி கட்டினால் முதலில் கட்டினது பொய் என்றாகிவிடும், என் மகள் என்ன நாடகத்தாலி கட்டினவளா என்று கேட்டார். ஆகவே ராஜரத்தினமும் சின்னம்மையும் லயத்து அறையிலேயே, அக்கா, மச்சான், பிள்ளைகள், கோழிக்கூடை சகிதம் குடித்தனம் தொடங்கினார்கள். இப்போது புரள்வதற்கு முன் இன்னும் ஓர் ஆளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆறுக்குட்டி வழிகாட்டினார். மந்திரி சொன்னதை மந்திரிதான் மாற்ற முடியும். அடுத்த விழாவில் மந்திரி முன்னால் திரும்பவும் கட்டுங்கள், அவர் வாயால் கல்யாணம் என்று வந்துவிட்டால் போதும், வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறேன் என்றார். தங்கையாவும் இதற்குச் சம்மதித்தார். மேடையில் கட்டுவது கூத்துத்தானே, அதில் தோஷமில்லை என்றார். இதற்குள் அவரும் ஒரு ஜோல்னாப் பை வாங்கியிருந்தார். லயத்தில் நிச்சயமான மற்றப் பையன்களும், பொன்னாடை கிடைக்கும் என்று, கல்யாணத்தை விழாவுக்குத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

அடுத்த கோடையில் மறுபடியும் மைதானம், மறுபடியும் மைக். மந்திரி மட்டும் புதியவர். சின்னம்மை நிறைமாத வயிற்றோடு மணப்பெண்ணாக வந்து நின்றாள். துணிச்சலான குறியீடு என்று எரிதழல் மந்திரியின் காதில் விளக்கினார். பின்வரிசையில் ஷௌகத் அலி, பழக்கப்பட்ட ஒருமைப்பாடாக, தாமாகவே போய் நின்றுகொண்டார்.

"இவர்கள் அசல் சிலோன்தானா?" என்று புது மந்திரி கேட்டார்.

"நூற்றுக்கு நூறு அசல்" என்றார் ஆறுக்குட்டி.

மேடையோரம் நின்ற தங்கையா மருமகனைப் பார்த்து அதிருப்தியாகத் தலையாட்டினார். "போன வருசம் கையி நடுங்குச்சே, அது எங்க? பாக்குறவுங்க நம்ப வேணாமா?"

ராஜரத்தினம் கையை நடுங்க வைத்துப் பார்த்தான். வரவில்லை. முதல் முடிச்சுப் போட்டான், இரண்டாவது போட்டான். மூன்றாவதுக்குக் குனிந்தபோது, கழுத்தில் கிடந்த பழைய தாலிக்கு மேலே புதுத் தாலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னம்மை அவன் காதோரம் சொன்னாள்:

"நல்லா இறுக்கிக் கட்டுங்க. இந்த வருசமாச்சும் நம்புறாங்களான்னு பாப்பம்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிரமாதமான நடிப்பு என்றார் மந்திரி.